கூன் சுகிக்குப் போன வழி

சதாகஸுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது மலையில் அல்ல, வீட்டுக் கழிவறையில். பன்னிரண்டு வருஷமாக மலைமேல் கழிப்பறைக் குழிகளை அள்ளி, டின்னில் அடைத்து, முதுகில் கட்டிக் கீழே இறக்கிவந்த ஆள், வீட்டில் கழிவறைச் செருப்பைத் திருப்பி வைக்கக் குனிந்தான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

மஸுயே சமையலறையில் பறவைக்கோலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தாள். மூன்றாவது தடவையும் பதில் வராததால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அவன் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது, இரண்டு மாதம் ஒரு தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இடுப்புக்குப் பட்டை கட்டிவிட்டார்.

பட்டை கட்டின நேரம் சரியில்லை. மே மாத விடுமுறை வாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. படகுபடகாக யாகுஷிமா தீவில் வந்து இறங்கின கூட்டம், காட்டுக்குள் பத்து மணி நேரம் நடந்து கூன் சுகியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. அந்தச் சுகி மரத்துக்கு மூவாயிரம் வயசு என்கிறார்கள், நாலாயிரம் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஏறின அத்தனை பேரும் தின்றார்கள். தின்றதை மேலேயே இறக்கிவிட்டு வந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குடிலின் கழிப்பறைக் குழி விளிம்பு வரைக்கும் நிரம்பிவிட்டது. பாதுகாக்கப்பட்ட காடு. அங்கே புதைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது, வண்டி போகக்கூடாது. மனுசன் முதுகில்தான் இறங்க வேண்டும். ஜூன் பிறந்தால் மழைக்காலம். குழி நிறைந்து வழிந்தால் ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்கு வரும், ஆற்றைத்தான் ஊர் குடிக்கிறது.

மறுநாள் காலையில் தொகுஜி வந்தான். சதாகஸுவோடு சுமை தூக்குகிறவன். ஐம்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை. சமையலறை வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரமாட்டான், அது மஸுயேயின் சட்டம். ஷியோமி விடுதிக்குத் தினமும் முப்பது சாப்பாட்டு டப்பா கட்டுகிற சமையலறை அது. மலைக்கு ஏறுகிறவர்கள் விடியலில் வாங்கிக்கொண்டு போகும் டப்பா. சோற்று உருண்டை, பொரித்த மீன், முட்டைச் சுருள், உப்பில் ஊறிய பிளம்.

"அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?"

"கெடக்காரு. அங்கனயே நில்லு."

"நான் இன்னைக்கு மேல போகலியே. குளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"குளிச்சது தெரியுது. குளிச்சும் போகாததும் தெரியுது."

தொகுஜி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை. மரம் அறுக்கும் ஆலை மூடின பிறகு சதாகஸு இந்த வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே, பின்பக்கக் கொட்டகையில் அவனுக்குத் தனியாக ஒரு குளியல் தொட்டி வாங்கி வைத்தாள். அவன் துணிக்குத் தனி யந்திரம். படுக்கை பக்கத்து அறையில். சண்டை போட்டுப் பிரிந்த படுக்கை இல்லை அது. ஒரு நாள் அவன் பக்கத்தில் வந்து படுத்தபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அவன் அதைப் பார்த்துவிட்டான், மறுநாள் மெத்தையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அதைப் பற்றி இருவரும் பேசினதே இல்லை.

"ரெண்டு ஆள் இல்லாம மேல அனுப்ப மாட்டோம்கிறாங்க சுமைக்காரங்க சங்கத்துல," என்றான் தொகுஜி. "கைக்குக் கை பிடிக்க ஆள் வேணுமாம். இல்லேன்னா அக்கரை ககோஷிமாவுலேர்ந்து கம்பெனி ஆளை வரவழைக்கப் போறாங்களாம். ஒருதரம் வந்துட்டானுகன்னா அப்புறம் அண்ணனுக்கு இடமே கெடையாது."

பக்கத்து அறையிலிருந்து சதாகஸுவின் குரல் வந்தது. "நான் கூட வாரேண்டா. சும்மா ஆள் கணக்குக்கு நின்னாப் போதும்ல?"

"நிக்க முடியுமா உங்களால?" என்று மஸுயே திரும்பாமலே கேட்டாள். "ஒண்ணுக்குப் போக நான் பிடிச்சுத் தூக்க வேண்டியிருக்கு. மூவாயிரம் அடி ஏறப் போறாராம்."

எண்ணெய் சடசடத்தது.

"நான் வாரேன்," என்றாள்.

"நீங்களா? டின்னைத் தூரத்துல பாத்தாலே வாந்தி எடுப்பீங்களே அண்ணி."

"எடுப்பேன். எடுத்துட்டுத் தூக்குவேன். வாந்தி எடுக்கக்கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்கா?"

உள்ளேயிருந்து சதாகஸு, "மஸுயே, வேண்டாம்," என்றான். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். விடுதி முதலாளியம்மா கிரினோவுக்குத் தெரியக்கூடாது. டப்பாக்களை விடியலுக்கு முன்பே கட்டி வைத்துவிடுவாள், பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

மஸுயே இந்த ஊரில் பிறந்தவள். ஐம்பத்து நாலு வயசாகிறது. கூன் சுகியை அதுவரைக்கும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சோறு கட்டியே காலம் போயிற்று.

பொழுது விடிகிற நேரத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். பழைய காலத்தில் மரம் இறக்கின தண்டவாளம், நடுவில் பலகை போட்டது, எட்டுக் கிலோமீட்டர். கைப்பிடி இல்லாத பாலங்களின் கீழே ஆறு வெள்ளையாக நுரைத்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. முதுகில் மரச்சட்டம், சட்டத்தில் காலி டின். நீல நிறம், கழுவித் துடைத்தது. முந்திப் போகிற மலையேறிகள் எல்லாரும் சிரித்த முகமாக வணக்கம் சொன்னார்கள். பளபளவென்று மழைக்கோட்டு, பளபளவென்று காலணி. ஒருத்தி, "தண்ணி கொண்டு போறீங்களா? ரொம்பப் பெரிய வேலைங்க," என்று தலைகுனிந்து போனாள்.

"தண்ணியாம்," என்றான் தொகுஜி. "வரும்போது கேக்கச் சொல்லுங்க."

பாதையை ஒட்டின பாறைக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. பூ என்று நினைத்துப் பார்த்துவிட்டு மஸுயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காகிதம். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, பாசியோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்களின் இடம்.

தொகுஜி இடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டான்.

"இதுவும் நம்ம வேலையா?"

"வேலையில சேத்தி இல்ல. அண்ணன் எடுப்பாரு. அவரு எடுத்துப் பாத்து எனக்கும் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"வேற சோலி இல்லாமயா?"

"மானு திங்குது அண்ணி. உப்புக்காக. ஒரு நாள் ஒரு குட்டி வாயில தொங்கத் தொங்க நின்னுச்சு. அண்ணன் அது பின்னாடியே அரை மணி நேரம் ஓடினாரு, வாயிலேர்ந்து பிடுங்கணும்னு."

மஸுயே முகத்தைச் சுளித்தாள். அந்தக் கதையை சதாகஸு வீட்டில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால்தான் என்ன, அவள் சாப்பாட்டு நேரத்தில் மலைப் பேச்சு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாளே.

தண்டவாளம் முடிந்ததும் வேர்ப்படி. ஏணி மாதிரி நிற்கிற ஏற்றம். மூன்று மணி நேரம் ஏறிக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கழிப்பறைக்குப் பின்பக்கம் மரப்பலகை மூடி. தொகுஜி அதைத் தூக்கிச் சாய்த்தான். நாற்றம் மூக்குக்கு வரவில்லை, கண்ணுக்கு வந்தது. கண் எரிந்து, பார்வை கலங்கியது. அவள் அப்படியே திரும்பிப் புதரில் வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற சோறு, பிளம், எல்லாம். தொகுஜி தண்ணீர்ப் புட்டியை நீட்டினான்.

"அண்ணனும் முதல் வருஷம் பூரா எடுத்தாரு," என்றான்.

நீளக் காம்பு வைத்த அகப்பை. மேலே ஈயும் புழுவும், நடுவில் கஞ்சி மாதிரி, அடியில் சேற்றுக் களி. கஞ்சியை அள்ளுவது சுலபம், களியை அள்ளினால்தான் குழி குறையும். தளும்பாமல் தூக்கி, புனலில் சாய்த்து, டின் வாயைத் துடைத்து, ரப்பர் வளையம் போட்டு, மூடியை இரண்டு கையாலும் திருகி, மேலே ஒரு பாலித்தீன் பை. ஒரு டின்னுக்கு இருபது கிலோ. மூடி ஒரு நூல் தளர்ந்தாலும் இறங்குகிற வழியில் முதுகில் வடியும். அகப்பையில் ஏதேதோ வந்தது. ஈரத் துணிக் காகிதம், மிட்டாய்ப் பொட்டலம், பிளாஸ்டிக் கரண்டி, ஒற்றைக் கையுறை, ஒரு கைபேசி. குழியில் எதுவும் போடாதீர்கள் என்று நான்கு மொழியில் பலகை தொங்கியது.

ஒரு அகப்பையில் சதுரமாக ஒரு காகிதம் விரிந்து வந்தது. மஸுயே காம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் கையெழுத்து. ஒவ்வொரு டப்பாவிலும் ரப்பர் வளையத்துக்கு அடியில் அவள் செருகுகிற சீட்டு. 'மெதுவாகப் போய், பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.' முப்பது சீட்டு தினமும். வேறொருத்தர் அச்சடித்துத் தருகிறேன் என்றபோது, கையால் எழுதினால்தான் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டு நினைப்பு வரும் என்று மறுத்தவள்.

"என்னண்ணி?"

"ஒண்ணுமில்ல. குப்பை."

புனலுக்குள் சாய்த்தாள்.

நாலு டின் நிரப்பி முடித்ததும் தொகுஜி, "மரம் இந்தா, அஞ்சு நிமிசம்தான். போய்ப் பாத்துட்டு வாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எப்படி?" என்றான். அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் போனாள்.

வேரை மிதிக்காமல் இருக்க மரத்தைச் சுற்றி உயரமாக மரமேடை கட்டியிருந்தார்கள். மேடை நிறையக் கூட்டம். கூன் சுகி மூடுபனிக்குள் நின்றது. அழகு என்று சொல்ல முடியாது. அடிமரம் ஒரு வீட்டு அகலம், அதுவும் நேராக இல்லை. ஒரு பக்கம் முதுகு புடைத்து, முட்டு முட்டாக, மடிப்பு மடிப்பாக, பட்டை உரிந்து, நடுவில் கறுத்த பொந்து. அவளுடைய பாட்டன் முப்பாட்டன் காலத்தில் இந்தக் காட்டின் சுகி முழுக்கக் கூரைப் பலகைக்கு விழுந்தது. இதையும் கோடாலியால் தட்டிப் பார்த்திருப்பார்கள். கோணல், பலகைக்கு ஆகாது என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எதற்கும் ஆகாமல் போனதால் மிச்சம் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் பக்கத்தில் ஒருத்தி கைகூப்பிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? போட்டோவுல விழுறீங்க," என்றது ஒரு இளம்பெண்.

மஸுயே தள்ளி நின்றாள். அந்தப் பெண்ணின் கூட வந்தவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே எட்டிப் பார்த்தான். "என்னமோ செத்துக் கிடக்கு. மான் கீனா இருக்கும்."

"ச்சே, இந்த இடத்துலயா? உவ்வே."

இரண்டு பேரும் பலகை இடுக்கு வழியாகச் செத்த மானைத் தேடினார்கள். மஸுயே தன் கையைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றியாகிவிட்டது, கையைக் கழுவியாகிவிட்டது. முடியில் இருக்கிறதோ, கழுத்தில் இருக்கிறதோ. படியைப் பார்த்து நடந்தாள். காது இரண்டும் கொதித்தது.

இறக்கத்தில் தொகுஜி மூன்று டின்னைக் கட்டிக்கொண்டான், அவள் ஒன்று. இருபது கிலோ அரிசி மூட்டையை அவள் கடையிலிருந்து தூக்கி வந்திருக்கிறாள். அரிசி ஆடாது. இது உள்ளே ஆடியது. அவள் ஒரு அடி வைத்தால் அது ஒரு நொடி பிந்தி அடி வைத்தது, முதுகில் உயிரோடு ஒன்று தொற்றிக்கொண்டிருக்கிற மாதிரி. காலையில் வணக்கம் சொன்னவர்கள் இப்போது தூரத்திலேயே கண்டுபிடித்து ஒதுங்கினார்கள். கழுத்துத் துண்டால் வாயைப் பொத்தினார்கள். தொகுஜி ஒவ்வொருவரிடமும், "மன்னிக்கணும், மன்னிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே போனான்.

"நீ என்னத்துக்குடா மன்னிப்பு கேக்குற? அவங்கதுதான இது?"

"வழக்கம் அண்ணி. அண்ணன் சொல்லிக் கொடுத்தது. நாம முந்திச் சொல்லிட்டா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தண்டவாளத்தை எட்டிச் சட்டத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் அவர்களை நோக்கி வந்தார். அறுபது வயசிருக்கும். வெள்ளைத் தாடி நறுக்கென்று வெட்டியிருந்தது. எல்லாரும் ஒதுங்கிப் போகிற இடத்துக்கு ஒருத்தர் நெருங்கி வருகிறாரே என்று மஸுயேவுக்கு ஒரு கணம் நன்றாகக்கூட இருந்தது.

"உங்களை மாதிரி ஆட்களாலதான் இந்தக் காடு காடா இருக்கு," என்றார். "நான் குஸெ. ஊர் டோக்கியோ. நானும் விதிப்படிதான் நடந்துக்கிட்டேன். புதர்ல போகல. கடையில இதுக்குன்னே வித்த பையிலேயே போனேன்." முதுகுப் பையின் பக்கவாட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்தார். நீல நாடா போட்டுக் கட்டியிருந்தது. "இதையும் சேத்துக் கொண்டு போயிடுங்களேன். எப்படியும் நீங்க இதைத்தானே தூக்குறீங்க. ஒண்ணு கூடினா என்ன?"

தொகுஜியின் கை தானாக நீண்டது.

"கையை எடு," என்றாள் மஸுயே.

"அண்ணி..."

"எடுன்னேன்." அவரைப் பார்த்தாள். "ஐயா, கீழ வாசல்ல இதுக்குன்னே பெட்டி வச்சிருக்கு. அங்க போட்டுடுங்க."

"அது இன்னும் எட்டுக் கிலோமீட்டர் இருக்கேம்மா."

"எங்களுக்கும் அதே எட்டுதான்."

குஸெ சிரித்தார். புரியாத குழந்தைக்கு விளக்குகிறவர் மாதிரி, "இல்ல, என் பையில சாப்பாடு இருக்கு. பாதி டப்பா இன்னும் மிச்சம். அதோட சேத்து இதை எப்படி வைக்கிறது? நினைச்சுப் பாருங்க, அருவருப்பா இருக்காதா?"

"அந்தச் சாப்பாட்டைக் கட்டினதே நான்தான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. தொகுஜி கண்ணை மூடிக்கொண்டான். குஸெ அவளைப் பார்த்தார், நீல டின்னைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். தாடிக்கு மேலே முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"ஷியோமி விடுதிச் சாப்பாடா? நீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் திரும்பி வேகமாக நடந்தார்.

அரை மணி நேரம் கழித்து, பாலத்தைத் தாண்டி ஒரு திருப்பத்தில் நாலைந்து குரங்குகள் அடித்துக்கொண்டன. பட்டுப்போன ஒரு சுகியின் வேர்ப் பொந்திலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. தொகுஜி கத்தி விரட்டினான். பொந்துக்குள் சாப்பாட்டு டப்பா. உருண்டை இரண்டும் தொடாமல் அப்படியே இருந்தது, மீன் துண்டு கடித்துக் கிடந்தது. பக்கத்தில் சாம்பல் நிறப் பொட்டலம், நீல நாடாவோடு. குரங்குப் பல் பட்டு ஒரு மூலை கிழிந்து, உள்ளே இருந்தது சோற்றில் ஒழுகியிருந்தது.

மஸுயே குனிந்தாள். இந்தத் தடவை வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. தன் கையால் பிடித்த சோற்றைத் தன் கையாலேயே வழித்து, பொட்டலத்தோடு சேர்த்து வாளியில் போட்டு மூடினாள். மழை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கிரினோ போன் செய்தாள். குரல் எப்போதும்போல இனிப்பாகவே இருந்தது.

"மஸுயே, உங்க மனசு எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு முடியல, போயிருக்கீங்க. தப்பே இல்ல. ஆனா விருந்தாளி ரொம்பச் சங்கடப்பட்டுப் போயிட்டாரு. காலையில ரெண்டு பேருமா வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோகும். அப்புறம், இந்த சீசன் முடியுற வரைக்கும் டப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துக்கலாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க பாருங்க."

"முடிஞ்சுபோகும்னா எது முடியும்?" என்று மஸுயே கேட்டாள். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்தாயிற்று.

பொந்தில் கண்டதை அவள் சதாகஸுவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அதை மறுபடி வாயால் சொல்ல அவளுக்கு முடியவில்லை. வழியில் அவர் பையை நீட்டினதையும், பெட்டியில் போடச் சொன்னதையும், மன்னிப்புக் கேட்க வரச் சொல்கிறார்கள் என்பதையும் மட்டும் சொன்னாள்.

"போயிட்டு வந்துருவோம்," என்றான் அவன். "குனியிறதுதான, என்ன செலவு?"

"குனிய இடுப்பு இருக்கா உங்களுக்கு?"

"அதுக்கு மட்டும் இருக்கு."

விடுதி முகப்பில் தேய்த்து மினுக்கின மரத்தரை. குஸெ குளித்துவிட்டு விடுதி அங்கியில் இறங்கி வந்தார். கிரினோ மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சதாகஸு பட்டை கட்டின இடுப்போடு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பிறகு மறு கையை ஊன்றி, நெற்றி தரையில் படுகிற மாதிரிக் குனிந்தான். "எங்களால உங்களுக்குக் கஷ்டம் வந்துடுச்சு. மன்னிச்சுக்கணும்."

மஸுயே தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"அடடா, எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல," என்றார் குஸெ. "அந்த மரத்து முன்னாடி நின்னுட்டு வந்த பிறகு மனுசனுக்குக் கோபம் வருமா? சுத்தம்னு ஒண்ணு இருக்கில்லையா, அதை மட்டும்தான் சொன்னேன். எழுந்திரிங்க, எழுந்திரிங்க."

சதாகஸு எழுந்திரிக்கவில்லை.

மரியாதைக்காகக் குனிந்தே இருக்கிறான் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவன் காதோரம் வேர்வை வழிவது தெரிந்தது. மறுபடி பிடித்துக்கொண்டது. நெற்றி தரையில் ஒட்டினபடி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

கிரினோ கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. இடுப்பு பிடித்ததிலிருந்து மலைக்கே போகாத ஆள், காலையில் குளித்து மாற்றுத்துணி போட்டு வந்த ஆள். குஸெ அரையடி பின்னால் வைத்தார். அங்கியின் கை மூக்கருகே போனது.

தரையைப் பார்த்தபடியே சதாகஸு பேசினான். பேச்சு கொடுத்தால் வலி தெரியாது என்று நினைத்தானோ என்னவோ. "ஐயா, அந்தப் பை... பெட்டியில போட்டுட்டீங்கல்ல?"

"ம்? ஆமா, போட்டேனே. கீழே வந்து போட்டேன்."

"ரொம்ப நன்றிங்க," என்றான் சதாகஸு. "எட்டுக் கிலோமீட்டர் தூக்கிட்டு வந்திருக்கீங்க. ரொம்ப நன்றிங்க."

மஸுயே எழுந்தாள். அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவன் இரண்டு கையையும் தன் தோளுக்கு மேல் இழுத்துப் போட்டு, முதுகை அவன் மார்புக்கு அடியில் கொடுத்து, சுமைச் சட்டத்தைத் தூக்குகிற மாதிரி தொடையால் எழும்பினாள். அவன் முனகினான். அவன் தாடை அவள் கழுத்தில் குத்தியது.

"பெட்டியில இல்ல," என்றாள் குஸெவைப் பார்த்து. "வேர்ப் பொந்துல இருந்துச்சு. நீல நாடா போட்டது. எங்க சோத்தோட சேத்துத் திணிச்சிருந்தீங்க. குரங்கு தின்னுச்சு. மிச்சத்த நான் அள்ளுனேன்."

"மஸுயே!" என்றாள் கிரினோ.

"வேற யாரோடதாவது இருக்கும்..." என்று குஸெ தொடங்கினார்.

"நாளைக்கு டப்பா வராதும்மா," என்று மஸுயே கிரினோவிடம் சொன்னாள். "ஓய்வெல்லாம் இல்ல. இனிமே வராது."

கல் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினாள். பின்னால் யாரும் வரவில்லை. குடைகூட யாரும் பிடிக்கவில்லை.

வண்டிக்குள் அவனைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, அவளும் ஏறிக் கதவைச் சாத்தினாள். மழையில் கண்ணாடி முழுக்க மங்கியது. சதாகஸு தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்தான். மறு கையையும் இழுத்துப் பார்த்தான்.

"எம்மேல நாத்தம் அடிக்குதா? அந்தாளு பின்னாடி போனாரே."

மஸுயே குனிந்து அவன் கழுத்தில் மூக்கை வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் தானாக மூக்கை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனதில்லை.

"மருந்து நாத்தம்," என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

"குளிச்சுட்டுத்தான் வந்தேன்."

"தெரியும்." வண்டியைக் கிளப்பினாள். இரண்டு தடவை அணைந்துபோயிற்று. "குழியத் தொறந்தப்ப குமட்டுச்சு. அந்தப் பொந்துல பாத்தப்ப குமட்டுச்சு. ஆனா அவனுக்குப் போயி நன்றி சொன்னீங்களே, அப்ப குமட்டின மாதிரி எனக்கு என்னைக்கும் குமட்டுனதில்ல."

சதாகஸு முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்து அவளுக்கு வழி தெரியும்படி செய்தான்.

ஷியோமி வேறு இடத்தில் டப்பா ஏற்பாடு செய்துகொண்டது. ககோஷிமாவிலிருந்து கம்பெனி ஆட்கள் வரவில்லை. அடுத்த எட்டு நாளும் மஸுயே தொகுஜியோடு ஏறினாள். ஒன்பதாம் நாள் பெருமழை இறங்குவதற்குள் குழி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வழியில் ஒதுங்கி நின்றவர்களிடம் தொகுஜி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான், அவள் கேட்கவில்லை. மரத்தைப் பார்க்க மறுபடி போகவில்லை. பழகிவிடும் என்று தொகுஜி சொன்னான், சதாகஸுவும் சொன்னான். எட்டு நாளும் பலகை மூடி திறந்ததும் புதருக்குப் போய் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து அகப்பையை எடுத்தாள்.